பூச்சு தனி

பலகை வரைக்கும்தான் என் விலை என்றார் கோ.
பூச்சு தனி, காசு தனி.
இரண்டாயிரத்து நூறு வெள்ளி,
ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டு
கூடத்தின் குறுக்கே தகரச் சட்டம் நிறுத்தி
இருபுறமும் சாம்பல் பலகை அறைந்துவிட்டு
மின்தூக்கியில் இறங்கிப் போனார்.

ஈசூன். ஒன்பதாம் மாடி.
மணமாகாத இருவர் சேர்ந்து வாங்கிய வீவக வீடு.
ஐந்தாண்டு குடியிருந்தால்தான் விற்கலாம்.
எங்களுக்கு மூன்றே முக்கால்தான் வாய்த்தது.
மீதிக்கு இந்தச் சுவர்.

என் பக்கம் நூற்றுப் பதினேழு திருகுகள்.
பட்டி எவ்வளவு வாங்குவதென்று தெரிய எண்ணினேன்.
பிறகு தூக்கம் வராமல் இன்னொரு முறை.

துளை போடுவதற்குத்தான் நேரக் கட்டுப்பாடு.
பட்டிக்குச் சத்தமில்லை,
நள்ளிரவிலும் பூசலாம்.
மருந்தக வேலை முடிந்து வந்து குளித்தேன்,
எதற்குக் குளித்தேனோ,
அரை மணியில் புருவம்வரை வெள்ளை.

முதலில் வெறும் தகட்டை இழுத்துப் பார்க்க வேண்டும்.
அமிழ்ந்த திருகின் மேல் பேசாமல் போகும்.
துருத்தியிருந்தால் டிக் என்னும்.
டிக் என்றால் கையால் கால் திருப்பு, போதும்.
மிஞ்சினால் மேல்தாள் கிழியும்.
தாள் கிழிந்த திருகு
உள்ளே மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
பார்வைக்குத் திருகுதான்.

முதல் பூச்சு காய்ந்ததும் உள்வாங்கியது.
இந்த ஊர் ஈரத்தில் காய்வதற்கே
மின்விசிறி இரவெல்லாம் சுற்றியது.
இரண்டாவது, கொஞ்சம் அகலமாக.
மூன்றாவது, இன்னும்.
மிளகளவு குழி.
அதை மறைக்க உள்ளங்கை அகலம் பூச வேண்டியிருக்கிறது.

சண்டை ஒரு குவாலியில் தொடங்கியது.
மீன் அடிப்பிடித்த குவாலி,
தொட்டியில் மூன்று நாள்.
அதன் பிறகு நாங்கள் சொல்லிக்கொண்டவை
குவாலியைப் பற்றியவை அல்ல.

இரண்டாம் இரவு,
என் தகடு மேசைமேல் இருக்கும்போதே
டிக்.
கையிலெடுத்து என் வரிசையைத் தடவினேன், எல்லாம் ஊமை.
மறுபடி டிக்.
இடுப்பு உயரத்தில், சன்னல் ஓரமாக.
நின்றேன். அங்கேயும் நின்றது.

"அது உன் பக்கமா?" என்றாள் ஜெசிந்தா.
பதினோரு வாரத்தில் முதல் சொல்.
சுவர் இருப்பதாகவே தெரியவில்லை,
காதுக்குள் கேட்டது.
அவ்வளவு மலிவான பலகை.

"உன் பக்கம்."
"நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்."
"இன்னொரு தரம் பாரு."
தேடும் தகட்டின் உரசல்.
டிக்.
ஒன்றும் சொல்லவில்லை அவள்.
திருப்புளி மட்டும் முனகியது, கால் சுற்று.
நிறுத்து, தாள் கிழியும் என்று
வாய்வரை வந்ததை நான் விழுங்க
அவளே நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் இரவு
கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன்.
நேரே பார்த்தால் பளிங்கு.
சாய்ந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் வரப்பும்,
அவசரப்பட்ட இடமெல்லாம் நிழலோடு.
உப்புத்தாளை மடித்துத் தேய்க்கத் தொடங்கினேன்.
அந்தப் பக்கமும் யாரோ தேய்ப்பது போலிருந்தது.
என் கையை நிறுத்திப் பார்த்தேன்.
ஆமாம், தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பட்டி மிச்சம் இருக்கா?"

டப்பாவையும் நாலங்குலத் தகட்டையும்
சமையலறை மேடையில்,
அவள் அடுப்புக்கும் என் அடுப்புக்கும் நடுவில்
வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் டப்பா அங்கேயே இருந்தது.
மூடி சுற்றிலும் அழுத்தி மூடியிருந்தது.
தகடு கழுவித் துடைத்துப்
பளபளவென்று,
கைப்பிடி இடுக்கில்கூட ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல்.

ஜெசிந்தா கழுவியது.

நன்றியா, குத்திக்காட்டலா
என்று நின்றுகொண்டே யோசித்ததில்
பேருந்து 811ஐத் தவறவிட்டேன்.
இன்னும் பதினைந்து மாதம்.
சனிக்கிழமை சாயம் அடிக்க வேண்டும்.
என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.